கண்டிச் சீமைக் கப்பல்

கடற்பிரயாணத்தின் சரித்திரம் என்றால் துறைமுகப் பட்டினங்களையும், பரதவர்களையும், கீழ்த்திசைத் தீவுகளில் கடை விரித்த வணிகர்களையும் பற்றியே எழுதுவது நம்மவர் வழக்கமாக இருந்து வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்கும் கொற்கைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அந்தப் பெருமை உரியதுதான் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. ஆனால் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்ற ஜனத்திரளில் பெரும்பகுதியார், ஏரியும் கண்மாயும் தவிர வேறு நீர்ப்பரப்பையே காணாத உள்நாட்டு மானாவாரிக் குடியானவர்கள் என்பது தெரியவரும். மதுரைக்கு மேற்கே, தேனிக்குப் போகும் சாலையில், வைகையின் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் அமைந்திருக்கும் உசிலம்பட்டியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் அத்தகைய பூமியைச் சேர்ந்தவையே. அங்கே எந்தத் திசையில் நடந்தாலும் நாட்கணக்கில் நடந்தாலொழிய அலையோசை காதில் விழாது. எனினும் இலங்கை மலைநாட்டைக் குறிக்கும் கண்டிச் சீமை என்ற பேச்சு அந்தப் பக்கத்து முதியோர் வாயில் அடுத்த ஊரின் பெயரைப் போல வெகு சகஜமாகப் புழங்கி வந்திருக்கிறது.

இக்காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல்கள் புறப்படுகின்றன. 2023 ஜூன் மாதத்தில் அப்படிப் புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளைத் தொட்டுத் திரும்பியது. நீச்சல் குளமும் நாடகசாலையும் நான்கு வேளை விருந்தும் கொண்ட இத்தகைய கப்பல்களில் பிரயாணம் செய்வோருக்கு நேரக்கூடிய பெரிய மனக்குறை, கரையிறங்கும் தினத்தில் மழை பிடித்துக்கொள்வதுதான். ஊர் பார்க்கும் திட்டம் பாழாகி, மேல்தளத்தில் நின்றபடியே பட்டினத்தை நோக்கிவிட்டுத் திரும்ப வேண்டியதாகிறது. இதே இலங்கைக்கு இவர்களுக்குப் பல தலைமுறைகள் முன்னர் சென்றவர்களுக்கும் மழையோடு வழக்கு இருந்தது. ஆனால் அந்த வழக்கு துறைமுகத்தில் தொடங்கவில்லை. அவரவர் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டது.

உசிலம்பட்டி வட்டாரம் முற்காலத்தில் திருமங்கலம் தாலுகாவின் மேற்குப் பகுதியாக இருந்தது. கரிசலும் செவலும் கலந்த அந்த நிலத்தில் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி முதலியவை மழையை நம்பியே விதைக்கப்பட்டன. 1895ஆம் ஆண்டில் பென்னி குயிக்கின் பிரயாசையால் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக் கடலுக்குச் சென்றுகொண்டிருந்த வெள்ளம் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டபோது, மேலூர்ப் பக்கம் நஞ்சையாக மாறிச் செழித்தது. ஆனால் மேட்டில் இருந்த உசிலம்பட்டிச் சீமைக்கு அந்த நீரால் யாதொரு பிரயோஜனமும் விளையவில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவம் பொய்த்துவிட்டால் அந்த வருஷத்து வெள்ளாமையும் பொய்த்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷங்கள் பொய்த்துவிட்டால் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் ஆள் ஊர்ச்சாவடியில் வந்து உட்கார்ந்தான்.

தொடக்கத்தில் இந்தப் பிரயாணத்தில் கப்பலின் பங்கு அற்பமாகவும் கால்நடையின் பங்கே அதிகமாகவும் இருந்தது. 1830களுக்குப் பின் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலத் துரைமார் காப்பித் தோட்டங்களைத் திறந்தபோது, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து சென்றவர்கள், இராமேசுவரம், தேவிபட்டினம் போன்ற துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரையில் மறுபடியும் நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பலியாகி, பெயரும் ஊரும் பதியப்படாமலே மண்ணில் மறைந்தவர்கள் ஏராளம். 1876ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்னிந்திய ரயில்வேயின் பாதை திறக்கப்பட்டதும், திருமங்கலத்தில் ரயிலேறி ஒரே நாளில் கடற்கரையை அடைவது சாத்தியமாயிற்று. அதே 1876இல்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. ஊரை விட்டு ஓட வேண்டிய நிர்ப்பந்தமும் ஓடுவதற்கான வண்டியும் ஏக காலத்தில் வந்து சேர்ந்தன என்று சொல்லலாம்.

எதிர்க்கரையிலும் அப்போது ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்துக்குத் திறந்து கிடந்த கொழும்பில் வைகாசி முதல் ஆவணி வரையில் கப்பல்கள் நிம்மதியாக நங்கூரமிட இயலாமையால், அதுவரையில் காலியே இலங்கையின் முதன்மையான துறைமுகமாக விளங்கி வந்தது. 1875ஆம் ஆண்டு டிசம்பரில், அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்தவரும் பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானவருமான கோமகன் அடிக்கல் நாட்ட, பத்து ஆண்டுகள் உழைத்துக் கட்டிய அலைதாங்கிச் சுவர் 1885இல் முற்றுப்பெற்றது. கொழும்பு எக்காலத்திலும் கப்பல் நிற்கத்தக்க துறையாயிற்று. தூத்துக்குடிக்கோ அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கரையோரத்தில் ஆழம் இல்லாமையால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நின்றுகொண்டன. ஜனங்களையும் மூட்டைகளையும் சிறு நீராவிப் படகுகளிலும் தோணிகளிலும் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பித்தார்கள்.

அந்தத் தூத்துக்குடி–கொழும்புப் பிரயாணம் ஏறக்குறைய ஓர் இரவுப் பொழுதுக்குரியது. மாலையில் நங்கூரம் எடுத்தால் மறுநாட்காலையில் கொழும்பு தெரியும். மேல்வகுப்பினருக்குத் தனி அறையும் மேஜைச் சாப்பாடும் உண்டு. தோட்டத்துக்குச் செல்லும் ஆட்களோ தளத்துப் பிரயாணிகள். அவர்களுக்குக் கப்பலின் திறந்த தளமே படுக்கை, மேலே கட்டிய கித்தானே கூரை. மஞ்சள் துணியில் முடிந்த குலதெய்வக் கோயிலின் திருநீறு, கட்டுச்சோறு, ஒரு செம்பு, இடுப்புக் குழந்தை ஆகியவற்றுடன் ஏறிய ஒரு குடும்பம், தன் கங்காணியைச் சேர்ந்த கூட்டத்தோடு ஒரு மூலையில் இடம் பிடித்துக்கொள்ளும். உப்புக் காற்றும் எஞ்சின் எண்ணெயின் நெடியும் சேர்ந்து முதல் நாழிகையிலேயே தலையைச் சுற்ற, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்வார்கள். இரவில் மழை இறங்கிவிட்டாலோ கித்தானுக்கு அடியிலும் தண்ணீர் ஓடும். அப்போது எல்லோரும் எழுந்து மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரையில் குந்தியிருக்க வேண்டியதுதான். ஊரில் எந்த மழைக்காக அம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, மழைக்கஞ்சி காய்ச்சி ஊற்றினார்களோ அந்த மழை, நிலத்தை விட்டு அகன்ற பிறகு நடுக்கடலில் அவர்கள் தலையில் வீணாகப் பெய்தது.

இந்தக் கடல்வழியின் சரித்திரத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் அத்தியாயம் தனிச் சோபை உடையது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து அவர் 1906ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்பது ஏற்பாடு. 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேருக்கும் இரண்டாம் வகுப்பில் 24 பேருக்கும் இடம் இருக்க, சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேருக்கு இடம் இருந்தது. அந்த எண்களே அக்கடலில் கப்பல்கள் யாரை நம்பி ஓடின என்பதற்குப் போதிய சாட்சியம். சீமான்கள் அறுபத்தாறு பேரானால், சோற்றுக்குப் போனவர்கள் ஆயிரத்து முந்நூறு பேர். போட்டி முற்றியபோது ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைத் தாழ்த்திக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோருக்கு ஒரு குடை இனாமாகத் தருவதாகவும் சொன்னார்கள் என்ற செய்தி வழங்கி வருகிறது. எத்தனையோ பொருள்கள் இருக்க, குடையைத் தேர்ந்த வியாபாரியின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும்; மறுநாட்காலையில் கொழும்பில் இறங்குபவனுக்கு முதலில் தேவைப்படுவது எது என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான். 1908 மார்ச்சு மாதத்தில் சிதம்பரம் பிள்ளை கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சங்கம் நலிந்து 1911இல் கலைந்தது.

கொழும்புத் துறையில் இறங்கிய குடியானவனை வரவேற்றது வேறொரு விதமான மழை. அவன் ஊரில் வருஷம் முழுவதும் பெய்வது சுமார் 850 மில்லிமீட்டர். அவன் ஏறப்போகும் மலைநாட்டிலோ வட்டவளை போன்ற இடங்களில் அது 5,000 மில்லிமீட்டரைத் தொடக்கூடியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவன் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்ற குறிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அதைக் காட்டினால் ரயிலும் சோறும் வழியில் கிடைக்கும், அதன் செலவைத் தோட்டத்தார் செலுத்துவர். பிறகு அது சுற்றிவந்து ஆளின் கணக்கிலேயே கடனாக ஏறும். தோட்டத்தில் கொடுத்த முரட்டுக் கம்பளியின் விலையும் அவ்வண்ணமே பற்றில் எழுதப்பட்டது. அந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு கொழுந்து பறிப்பதில் மழைக்கு விடுமுறை என்பது கிடையாது. நனைந்த கொழுந்து கூடையில் கனக்கும். ஆனால் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஓர் அளவைக் கழித்துக்கொண்டே கணக்கில் எழுதுவார்கள். குறித்த எடை தேறாதவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். மழையின் எடையைத் தராசில் பிரித்தெடுக்கும் இந்த சாஸ்திரம் உசிலம்பட்டிக் காட்டில் யாரும் கேள்விப்படாதது.

1914ஆம் ஆண்டு இந்தப் பிரயாணத்தில் இருவகையில் திருப்பத்தை உண்டாக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, ரயில் தனுஷ்கோடி வரையில் ஓடலாயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்று ராஜப்பிரதிநிதிகளின் பெயர் தாங்கிய கப்பல்கள் சென்றன. ஓர் இரவாக இருந்த கடல்வழி சுமார் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. அதே காலத்தில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாயத் தொடங்கியது. பதிவு செய்யப்பட்ட ஆண்மகன் இரவில் குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும். ஊரெல்லையைத் தாண்டுவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் இந்தப் பதிவை எதிர்த்து நின்ற ஜனங்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, மாயக்காள் என்ற வீரப்பெண்மணி உட்படப் பலர் உயிர்நீத்தார்கள். கடல் கடப்பது சுலபமாகிவிட்ட அந்த நாட்களில், அவர்களுக்கு அடுத்த ஊர் போவதே அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் காரியமாயிற்று. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்படும் வரையில் இந்த அவலம் நீடித்தது.

தனுஷ்கோடி வழியில் போகிறவர்களுக்கு மண்டபம் முகாம் ஒரு பெரிய வாசல். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கத்தார் நடத்திய அந்த முகாமில் தோட்டத்து ஆட்கள் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டார்கள். அம்மைக்குப் பால் குத்தப்பட்டது. கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. உடுத்த துணிகள் முதலாக எல்லாம் களையப்பட்டு நீராவியில் வேகவைத்துத் திருப்பித் தரப்பட்டன. நோய் பரவாமல் காக்கும் நல்ல நோக்கம் இதில் இல்லாமலில்லை. ஆயினும் தனுஷ்கோடிக்குச் செல்லும் போட் மெயில் ரயிலில் முதல் வகுப்பில் வந்தவர்கள் இந்த முகாமில் அடைபடாமல் நேரே துறைமேடைக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 1928இல் மதுரை–போடிநாயக்கனூர் ரயில்பாதை திறக்கப்பட்டபின், உசிலம்பட்டியான் தன் ஊர் ஸ்டேஷனிலேயே ஏறி மதுரையில் மாறித் தனுஷ்கோடியை அடைய முடிந்தது. ஆனால் 1939 ஆகஸ்டில் கூலி வேலைக்காக இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்துவிட்டது. போரின்போது போடிப் பாதையின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டுவிட்டன.

இராமேசுவரத் தீவின் இரு புறத்துக் கடல்களையும் அவ்வூரார் பெண்கடல், ஆண்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். வடக்கே பாக் நீரிணை பெரும்பாலும் சாந்தமாகக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஓயாமல் அலை எறியும். வடகிழக்குப் பருவத்தில் மட்டும் அந்தச் சாந்தத்தை நம்புவதற்கில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவில் வீசிய புயலில் கடல் தனுஷ்கோடியின்மேல் எழுந்து, ஸ்டேஷனையும் துறைமேடையையும் சுங்கச்சாவடியையும், வந்துகொண்டிருந்த ஒரு பயணிகள் ரயிலையும் அதிலிருந்த அத்தனை பேரையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அதற்கு ஏறக்குறைய எட்டு வாரங்களுக்கு முன்புதான், அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுவது என்று முடிவாகியிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட அவர்கள் திரும்பி வரும் காலத்தில் வழக்கமான துறையே இல்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ‘இராமானுஜம்’ என்ற கப்பல் ஓடி, 1980களில் இலங்கையில் கலவரம் மூண்டதும் நின்றது. பாட்டன் போனபோது துணியை வேகவைத்த மண்டபம் முகாமே பேரன் திரும்பியபோதும் முதல் தங்குமிடமாக அமைந்தது. மலைக்குளிரில் பிறந்து வளர்ந்து, ‘சொந்த ஊர்’ என்பதைப் பெற்றோர் வாய்மொழியால் மட்டும் அறிந்தவர்கள், பாட்டன் பஞ்சத்தால் விட்டுப்போன கரிசலுக்குத் திரும்பினார்கள். பலர் அங்கே பிழைக்க வழியில்லாமல் நீலகிரி, கொடைக்கானல் மலைகளை நாடிப் போனார்கள்.

மலாயாவுக்குச் சென்றவர்களின் கடல் இன்னும் நீண்டது. 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்ற கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தளத்துப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்று வந்தது. நாகையிலும் கப்பல் கரையை அணுகாது; கார்த்திகை மாதத்துக் கொந்தளிப்பில் படகு மேலெழும் கணத்தைப் பார்த்துத் தாவி ஏணியைப் பற்ற வேண்டும்; மழையில் நனைந்த கயிறு வழுக்கும். அதற்குப்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்த யாத்திரையும் முடிந்தது. அங்கே போனவன் பால்மரம் வெட்டினான். அந்தத் தொழிலில் மழை வேறு முகம் காட்டியது: மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் கோப்பைக்குள் வடியாமல் பட்டையெங்கும் பரவிப் போய்விடும், ஆகையால் விடியற்காலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் அன்றைய சம்பளத்துக்கும் உறுதியில்லை. கண்டியில் மழையில் நனைந்துகொண்டே உழைத்தவனும், மலாயாவில் மழையால் உழைப்பிழந்தவனும், மழையில்லாத ஒரே நிலத்திலிருந்து புறப்பட்டவர்களே.

கடலில் மழையின் ஆட்சி இன்றும் முடிந்தபாடில்லை. 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் கோலாகலமாகத் தொடங்கிவைக்கப்பட்டு, வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலைக் கொண்டு மறுபடியும் தொடங்கினார்கள். நிலத்திலோ, வைகை நீரை உசிலம்பட்டியின் 58 கிராமக் கண்மாய்களுக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டம் பல பத்தாண்டு கோரிக்கைக்குப் பின் 2018இல்தான் சோதனை ஓட்டம் கண்டது. துறைமுக ஆராய்ச்சிக்காரர்கள் முதற்செய்தியைக் கடல் சரித்திரத்திலும், நீர்ப்பாசன நிபுணர்கள் இரண்டாம் செய்தியை விவசாய சரித்திரத்திலும் சேர்ப்பார்கள். ஆனால் இவை இரண்டும் ஒரே சரித்திரத்தின் இரு பக்கங்கள். அந்தக் கால்வாய் நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டிருந்தால், தூத்துக்குடியிலும் தனுஷ்கோடியிலும் கப்பலேறிய கூட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் கண்மாய்க் கரையிலேயே தங்கியிருக்கும். ஆகவே, கடல் கடந்த தமிழனின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கப்பல் கம்பெனிகளின் ஏடுகளை எடுப்பதற்கு முன்னால், மதுரை ஜில்லாவின் மழைக் கணக்கை ஒரு முறை படித்துக்கொள்வது நலம்.